படத்தில் நாலாவது ஆள்

1

என் மகள் சுதா போன வாரம் வந்து, எங்கள் பேஸ்மெண்டில் தூசி படிந்து கிடந்த ஆல்பங்களை அள்ளிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கைபேசிக்கு அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "அம்மா, அந்தப் பார்க்குக்குப் போன படத்துல எல்லாம் நம்மகூட யாரோ ஒருத்தர நிறுத்தி வச்சியே, அது எதுக்குன்னு நீ சொல்லவே இல்லையே?"

நியாயமான கேள்விதான். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், ராட்டினங்களும் சறுக்குகளும் நிறைந்த ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். நாங்கள் அமெரிக்கா வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. படங்கள் இப்போது மங்கி, எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்தது போல இருக்கின்றன. ஒன்றில் நான், என் வீட்டுக்காரர், சுதா, பக்கத்தில் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி. இன்னொன்றில் எங்களோடு ஐஸ்கிரீம் விற்கிறவர், கையில் கரண்டியோடு. மற்றொன்றில் கரடி வேஷம் போட்ட ஆள் என் தோளில் கை போட்டிருக்கிறார். நான் சேலையை இழுத்துப் பிடித்தபடி, கரடிக்கும் மனசு நோகாமல் எனக்கும் கூசாமல் நிற்கப் பார்க்கிறேன். யார் பெயரும் எனக்குத் தெரியாது. நான்தான் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்து நிறுத்தினேன்.

சுதாவுக்கு உடனே பதில் எழுதவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் திண்டுக்கல்லில் தொடங்குகிறது. அதனால் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

2

பேகம்பூர் போகிற வழியில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, ராஜம் அக்கா, நான். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. அத்தானுக்குப் புளி வியாபாரம். நத்தம் பக்கத்துத் தோப்புகளில் மொத்தமாகப் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டு வருவார். அவர் சட்டையில் எப்போதும் புளி வாசம் இருக்கும். சிரித்த முகம். அவர்களுக்கு ரவி என்று ஒரே பையன்.

ஒரு மாசித் திருவிழாவுக்கு மூவரும் போனார்கள். ராட்டினம் சுற்றினார்கள். ரவிக்கு ஊதல் வாங்கினார்கள். திரும்பி வரும் வழியில் அக்காவுக்கு ஓர் ஆசை. "இம்புட்டு நல்ல சேல கட்டியிருக்கேன், ஒரு போட்டோ எடுத்துக்குவோமே" என்றிருக்கிறாள். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த பாய் ஆளை எண்ணிப் பார்த்தார். மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஆகாது, அதிலும் நடுவில் இருப்பவருக்கு ஆகவே ஆகாது என்பது நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள பயம். அதற்காகவே அவர் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்திருந்தார். ஒற்றைப் பிள்ளைக்காரர்கள் வந்தால் அதை யார் கையிலாவது கொடுப்பார். பொம்மையோடு நாலு பேர் கணக்கு ஆகிவிடும்.

அக்கா அதை வாங்கவில்லை. "அழுக்குப் பொம்ம, வேணாம் பாய். நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தானை நடுவில் உட்கார வைத்தவளும் அவள்தான்.

படம் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். நத்தத்திலிருந்து மூட்டையோடு வந்த லாரி ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் அங்கேயே போய்விட்டார்.

நான் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். தகவல் வந்து ஓடி வந்தேன். அழுகைக்கு நடுவில் அக்காவே அந்தப் பொம்மை விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருப்பாள். பதினாறாம் நாள், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது அம்மா வாய்விட்டுச் சொன்னாள். "ஒரு பொம்மையக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னா இவளுக்கு என்ன கொறஞ்சிருக்கும்? அம்புட்டு ராங்கி."

அத்தான் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்தவள்தான், அதன் பிறகு பல வருடம் நான் அவள் முகத்தை நேராகப் பார்த்த நினைவில்லை.

ரவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். சுவரில் மாட்ட அத்தானுக்குத் தனிப் படம் கிடையாது. அந்த மூன்று பேர் படத்திலிருந்தே அத்தானை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார் ஸ்டூடியோ பாய். தோள் பக்கத்தில் அக்கா இருந்த இடத்தைச் சாம்பல் நிறத்தில் தீட்டி மறைத்திருந்தார். மாலைக்குள் அத்தான் ஒரு பக்கமாகத் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முழுப்படத்தை அக்கா எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் அதைப் பார்த்ததே இல்லை.

3

எனக்குக் கல்யாணம் ஆகி விமானம் ஏறக் கிளம்பியபோது, அம்மா என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு பேரா இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. பிள்ள பொறந்து மூணாயிட்டா, மூணு பேரா நின்னு மட்டும் படம் எடுத்துராதீங்க. கையில ஒரு பொம்மையாச்சும் இருக்கட்டும்." பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அறிவியல் படித்தவள். நம்பவில்லை. பயப்படுகிறேன். இரண்டும் வேறு வேறு என்பது பயந்தவர்களுக்குத் தெரியும்.

சுதா பிறந்ததும் முதலில் வாங்கியது ஒரு துணிப் பொம்மை. பனியில் எடுத்த படம், பிறந்தநாள் படம், முதல் நாள் பள்ளிக்கூடப் படம், எதைப் பார்த்தாலும் யார் கையிலாவது அந்தப் பொம்மை இருக்கும். அடுத்த பிள்ளை தங்கவில்லை. அதனால் பொம்மைக்கு ஓய்வும் இல்லை. என் வீட்டுக்காரர் அதற்கு "ரெண்டாவது மக" என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்வார். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டு நிற்பார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

சிக்கல் சுதா வளர்ந்தபோது வந்தது. ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். டிபன் டப்பாவில் இட்லி வைத்தால் அப்படியே திரும்பி வரும். என்னைப் பள்ளி வாசலுக்கு வராதே, தெருமுனையிலேயே நில் என்பாள். அந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஆறுதல் சொன்னாள். எனக்கென்னவோ, ஒவ்வொரு நாளும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவிப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

பூங்காவின் வாசலுக்கு வந்ததும் பையைத் துழாவினேன். பொம்மை இல்லை.

"கார்லயே வச்சிட்டேன்" என்றாள் சுதா. "எனக்கு ஒம்பது வயசு ஆச்சும்மா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

கார் நிறுத்திய இடம் பேகம்பூருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் உள்ள தூரம் இருக்கும். சரி, படமே எடுக்காமல் இருந்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நின்ற பூங்காவின் போட்டோக்காரர் "இங்கே பாருங்கள்" என்று சொல்லிப் பளிச்சென்று அடித்துவிட்டார். உள்ளே வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் அப்படி எடுத்து வைப்பார்களாம். திரும்பிப் போகும்போது விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று பேர். நடுவில் சுதா.

அந்த ஆளிடம் போய், இந்தப் படம் வேண்டாம், பிரிண்ட் போடாதீர்கள், நாங்கள் மூன்று பேர் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். "ஆமாம், அழகான மூன்று பேர்" என்றார் அவர். அதற்கு மேல் எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

4

அன்று முழுவதும் பரிகாரம் செய்கிறவள் மாதிரி அலைந்தேன். ஒரு படத்தால் வந்ததை இன்னும் நாலு படத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு குருட்டுக் கணக்கு. அதில்தான் வைக்கோல் தொப்பி அம்மாள் வந்தாள், ஐஸ்கிரீம்காரர் வந்தார், கரடி வந்தார். காமிராவை வழிப்போக்கர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இன்னொரு வழிப்போக்கரை இழுத்து வந்து நிறுத்தினால் அவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? "நான் எடுக்கிறேன், நீங்கள் மூன்று பேரும் நில்லுங்கள்" என்று பெருந்தன்மையாக விலகப் பார்த்த அந்த அம்மாளின் கையை நான் விடவில்லை.

சுதா ஒவ்வொரு படத்திலும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். ஸ்கேன் செய்து அனுப்பியதை வரிசையாகப் பார்க்கும்போது இப்போதுதான் கவனித்தேன்.

மத்தியானம், தண்ணீரில் படகு சறுக்கி விழுகிற இடத்தில் நான் மறுபடி ஆள் தேடியபோது அவள் வெடித்துவிட்டாள். "நீ ஏன் எல்லார் மாதிரியும் இருக்க மாட்டேங்கற? நான் இனிமே படத்துக்கு நிக்க மாட்டேன்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கத்தினேன். "உனக்காகத்தான்டி இதெல்லாம்!" அவளுக்கு எங்கே புரியப் போகிறது? பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போனார்.

முந்தானையை எடுத்துப் பார்த்தபோது சுதா இல்லை.

5

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கழிப்பறை, கடை, படகு வரிசை எல்லாம் ஓடி ஓடிப் பார்த்தேன். பேரைச் சொல்லிக் கத்தினால் பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் இருக்கிற பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து அடிவரை பார்த்தேன். நடுவில் நின்ற பிள்ளை, நடுவில் நின்ற பிள்ளை என்று வாய் தானாக முணுமுணுத்தது.

காணாமல் போன குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. அங்கிருந்த பெண்மணி பொறுமையானவள். ஆனால் அவளிடம் ஒரு படிவம் இருந்தது. குழந்தையின் குடும்பப் பெயர் என்ன என்றாள். சொன்னோம். அது என் வீட்டுக்காரரின் பெயர். அப்பாவின் குடும்பப் பெயர் என்ன என்றாள். அது என் மாமனாரின் பெயர். என்னுடையது என் அப்பாவின் பெயர். நமக்கு அது இனிஷியல், அவ்வளவுதான். அவளுக்கோ ஒரு குழந்தையைத் தேடி இரண்டு அந்நியர்கள் வந்து நிற்கிறார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தக் குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு?" என்று மறுபடி கேட்டாள்.

பெற்றவளைப் பார்த்து அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? எனக்கு ஆங்கிலம் மொத்தமும் மறந்துவிட்டது.

என்ன நிற உடை என்றாள். நான் நீலம் என்றேன். அவர் பச்சை என்றார். அவள் எங்களை இன்னும் உற்றுப் பார்த்தாள். சட்டென்று என் வீட்டுக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏய், வாசல்ல எடுத்தானே, அந்தப் படம்!"

ஓடிப் போய் வாங்கி வந்தார். மேஜையில் வைத்தார். நான், அவர், நடுவில் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு சுதா. என் ஜாடை மூக்கு, அவர் ஜாடை கண். ஒரு பெயருக்கும் வேலை இல்லை. "இது போதும்" என்றாள் அந்தப் பெண்மணி. ஒரு காவலர் படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். உடை மஞ்சள் நிறம்.

கார் நிறுத்துமிடத்தில் கண்டுபிடித்தார்கள். எங்கள் கார் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தபடி நின்றிருக்கிறாள். பின் சீட்டில் பொம்மை கிடந்தது. கார் பூட்டியிருந்தது.

கட்டிப்பிடித்து அழுத என் காதில் தமிழில் சொன்னாள். "பொம்மைய எடுக்கத்தான் போனேன். நீ அழுதல்ல."

சாயங்காலம் அந்தப் படத்தை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்றேன். என் வீட்டுக்காரர் அன்றுதான் முதன்முதலாக என்னிடம் கோபப்பட்டார். "பிள்ளையக் கண்டுபிடிச்சுக் குடுத்த படம்டி இது. இதப் போயா வேணாங்கற?" சுதா அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது என்னோடது."

6

அதன் பிறகு ஒரு வருடம் நான் பட்ட பாடு! அவர் இருமினால் பயம். பனியில் கார் ஓட்டிப் போனால் திரும்பி வரும்வரை ஜன்னலிலேயே நிற்பேன். சுதாவுக்கு ஜலதோஷம் என்றால் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். திண்டுக்கல்லுக்குக் கரடி படத்தையும் மற்றதையும் அனுப்பி வைத்தேன். மூன்று பேர் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்த கோடையில் ஊருக்குப் போனோம். அம்மா தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு, "எம் மகளோட கரடியே வந்து நின்னு படம் எடுத்துச்சு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ரவி பள்ளிக்கூடம் போயிருந்தான். அக்கா அரிவாள்மனை முன்னால் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுதா தன் கதைப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்து நேராக அக்காவிடம் போனாள்.

"பெரியம்மா, இத பாருங்க. நான் தொலைஞ்சு போன அன்னிக்கு எடுத்தது."

நான் எழுந்து பிடுங்குவதற்குள் அம்மா எட்டி வாங்கிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. "இது எப்ப எடுத்தது?"

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு அத்தே."

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அம்மா கையிலிருந்து படத்தை வாங்கினாள். படத்தில் என்னைப் பார்த்தாள், பிறகு எதிரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுதாவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நடுவுல சுதா" என்றாள்.

"ஆமாக்கா."

"ஒரு வருசமாச்சு."

"ஆமாக்கா."

அம்மா பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "அம்மா. இதுல பொம்ம இல்ல."

"அதுக்கென்னடி இப்ப? நல்லா இருக்காங்கல்ல, சந்தோசம்" என்றாள் அம்மா.

"பொம்மை இல்லாததாலதான்னு சொன்னியேம்மா."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? ஏதோ வகுத்தெரிச்சல்ல..."

"பதினாறாம் நாளு. அத்தன பேரு முன்னாடி."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சொன்னேன்" என்றாள். "ஆமா, சொன்னேன்டி ராஜம். சொல்லியிருக்கக் கூடாது."

அக்கா அழவில்லை. உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து வந்தாள். சுவரில் மாட்டியிருந்த அத்தானை எட்டிக் கழற்றப் போனவளுக்குக் கை எட்டவில்லை. ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது அம்மாதான். அக்கா ஏறும்போது ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

புதுச் சட்டம் போடும்வரை இருக்கட்டும் என்று, இரண்டு குண்டூசியால் முழுப்படத்தை அதே இடத்தில் குத்தி வைத்தாள் அக்கா. அப்போதுதான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு பக்கம் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊதலை வாயில் வைத்திருக்கும் ரவி. மறுபக்கம் நல்ல சேலையில், முகத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா. ராட்டினக் காற்றில் கலைந்த தலையோடு நடுவில் அத்தான். அவர் காமிராவைப் பார்க்கவில்லை. அத்தனை வருடமும் சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுதா தன் தமிழில் கேட்டாள். "பெரியப்பா ஏன் சிரிக்கிறாரு?"

ஸ்டூலை விட்டு இறங்காமலே அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நேராக, நிமிர்ந்து.

"அந்தப் பொம்மைக்கு ஒரு கையே இல்லடி கண்ணு. 'இத நான் பிடிக்க மாட்டேன், வேணும்னா உங்க மடியில வச்சுத் தாலாட்டுங்க'ன்னு உங்க பெரியப்பாகிட்ட சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாரு."